கடை வண்டியின் கியர் பாக்ஸ் நீடித்து உழைக்க

மளிகைக் கடை, அரிசி மண்டி, எண்ணெய்க் கடை, மொத்த வியாபாரம் என்று எதை எடுத்துக்கொண்டாலும், வாசலில் ஓர் இரு சக்கர வண்டி நிற்காத கடை இன்று அரிது. காலையில் மார்க்கெட்டுக்குப் போய் வர, ஆர்டர் எடுக்க, வீடுகளுக்குச் சரக்குக் கொடுக்க, மாலையில் பாக்கி வசூலுக்கு என்று நாள் முழுவதும் அதே வண்டிதான் ஓடுகிறது. தராசு பழுதானால் பக்கத்துக் கடையில் ஒரு மணி நேரம் இரவல் வாங்கிச் சமாளித்துவிடலாம். வண்டி நின்றுபோனால் அன்றைய டெலிவரி நின்றுவிடும். முகூர்த்த நாளிலோ தீபாவளிக்கு முந்தின வாரத்திலோ அப்படி நேர்ந்தால், காத்திருக்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். போனவர் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வண்டியின் பழுதுகளில் டயர், பிரேக், பல்பு போன்றவை அரை மணி நேரத்தில் சரியாகக் கூடியவை. கியர் பாக்ஸ் அப்படிப்பட்டதல்ல. அது கெட்டால் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நாள் கணக்கில் கிடக்கும். ஆனால் அது திடீரென்று கெடுவதில்லை. தினமும் ஓட்டும் விதத்தில் உள்ள சின்னச் சின்னக் குறைகள் சேர்ந்து, சில ஆண்டுகளில் பெரிய செலவாக வந்து நிற்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு வண்டிகளில் ஒன்று பத்து ஆண்டுகள் கியர் பாக்ஸைத் திறக்காமல் ஓடுகிறது. இன்னொன்று மூன்றாம் ஆண்டிலேயே முனகுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஓட்டுகிற கையும் காலும்தான். இதைப் பற்றி நம் வியாபாரப் பெருமக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கியர் பாக்ஸ் செய்யும் வேலை

என்ஜின் வேகமாகச் சுழலும். ஆனால் அந்தச் சுழற்சியை அப்படியே சக்கரத்துக்குக் கொடுத்தால் நிற்கிற வண்டியை நகர்த்தும் பலம் அதற்கு இருக்காது. ஆகவே சுழற்சியைக் குறைத்து இழுவையைக் கூட்ட வேண்டும். நாம் அதிகம் பயன்படுத்தும் 100 சிசி வண்டிகளில், முதல் கியரில் கியர் பாக்ஸுக்குள் நுழையும் தண்டு ஏறக்குறைய 3 சுற்று சுற்றினால் வெளியே வரும் தண்டு ஒரு சுற்று சுற்றும். வேகம் குறைவு, பலம் அதிகம். நான்காவது கியரில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகச் சுற்றும். வேகம் அதிகம், பலம் குறைவு. பாரத்துக்கும் சாலைக்கும் தக்கபடி இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே ஓட்டுபவரின் வேலை.

பெட்டிக்குள் இரண்டு தண்டுகள் உள்ளன. அவற்றின் மேல் பல் சக்கரங்கள் ஜோடி ஜோடியாக எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. கியர் மாற்றும்போது பல் சக்கரங்கள் விலகி மறுபடி சேருவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தண்டின் மேல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். பக்கத்தில் உள்ள இன்னொரு சக்கரம் நகர்ந்து வந்து, தன் பக்கவாட்டில் உள்ள தடித்த பற்களால் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த உடனே அந்த ஜோடி வேலை செய்யத் தொடங்கும். அந்தப் பிடிக்கும் பற்களைப் பிடிப்புப் பல் என்று இந்தக் கட்டுரையில் குறிப்பிடுவோம். கதவின் தாழ்ப்பாள் துளைக்குள் விழுவது போன்ற வேலை இது.

இந்த நகர்த்தும் வேலையைச் செய்வது கவை போன்ற ஒரு சிறிய இரும்புத் துண்டு. காலால் கியர் லீவரை அமுக்கினால் உள்ளே ஓர் உருளை திரும்பும். அதில் வெட்டிய பள்ளத்தின் வழியே கவை நகரும். கவை பல் சக்கரத்தைத் தள்ளும். இவ்வளவும் நடக்கும் நேரத்தில் என்ஜினின் பலம் கியர் பாக்ஸுக்கு வராமல் துண்டித்து வைப்பது கிளட்ச். ஆக, கியர் பாக்ஸின் ஆயுள் மூன்று இடங்களில் இருக்கிறது: பிடிப்புப் பற்களின் முனை, கவையின் நுனி, கிளட்ச் பிளேட். ஓட்டும் பழக்கம் நேரே தாக்குவதும் இந்த மூன்றைத்தான்.

சின்ன உதிரிபாகம், பெரிய செலவு

நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டுமானால் பக்கத்து மூடியைக் கழற்றினால் போதும். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் கவையோ பல் சக்கரமோ தேய்ந்தால், என்ஜினை வண்டியிலிருந்து இறக்கி, ஹெட், சிலிண்டர் எல்லாம் கழற்றி, கூட்டையே இரண்டாகப் பிளக்க வேண்டும். கவையின் விலை சில நூறு ரூபாய்தான் இருக்கும். அதைப் போய்த் தொடுவதற்கான கூலி, கேஸ்கெட், புது ஆயில், கூடவே மாற்றச் சொல்லும் பேரிங்குகள் என்று பில் பல ஆயிரத்தைத் தாண்டிவிடும். வண்டி இல்லாத நாட்களுக்கு ஆட்டோ வாடகை தனி.

கடை வண்டிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அலுவலகத்துக்குப் போகிறவர் வீட்டில் கிளம்பி அலுவலகத்தில் நிறுத்துகிறார். கடை வண்டியோ நூறு மீட்டருக்கு ஒரு முறை நின்று கிளம்புகிறது. ஒரு நாளைக்கு 30 நடை, ஒரு நடைக்கு 20 முறை கியர் மாற்றம் என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 600 முறை; ஆண்டில் 300 நாள் ஓடினால் 1,80,000 முறை. மீட்டரில் கிலோ மீட்டர் குறைவாகக் காட்டினாலும், கியர் பாக்ஸ் உழைத்த உழைப்பு அதிகம். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சிறு தவறு இருந்தால், அது எத்தனை லட்சம் முறை திரும்ப நடக்கிறது என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

கெடுக்கும் பழக்கங்கள்

1. அரைக் கிளட்சில் ஓட்டுவது. நெரிசலான கடைத்தெருவில் கிளட்ச் லீவரைப் பாதி பிடித்தபடியே ஊர்ந்து போவது பலருக்கு வழக்கம். கிளட்ச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் இருக்கும்போது பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சூடாகித் தேய்கின்றன. அந்தத் தேய்மானத் தூள் போய்ச் சேரும் இடம் என்ஜின் ஆயில். அதே ஆயில்தான் பல் சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் போகிறது. ஆகவே அரைக் கிளட்ச் என்பது கிளட்சோடு முடிகிற விஷயம் அல்ல. புறப்படும்போது கிளட்சை நிதானமாக விட வேண்டும். வண்டி நகர்ந்ததும் முழுவதும் விட்டுவிட வேண்டும். விரல்களை லீவரின் மேல் ஓய்வாக வைத்திருப்பதும் கூடாது; அந்தச் சிறிய அழுத்தமே கிளட்சை வழுக்க வைக்கப் போதும்.

2. காலைக் கியர் லீவரின் மேலேயே வைத்திருப்பது. இது ஓய்வுக்காக வைப்பது போலத்தான் தெரியும். ஆனால் காலின் எடை லீவர் வழியாக உருளைக்கும், அதிலிருந்து கவைக்கும் போகிறது. கவை சுழலும் சக்கரத்தை ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். சாணை பிடிப்பது போல அதன் நுனி தேயும். கியர் மாற்றும் நேரம் தவிர மற்ற நேரத்தில் கால் கால்மிதியின் மேல்தான் இருக்க வேண்டும்.

3. பாதி அமுக்குவது. அவசரத்தில் லீவரை லேசாகத் தட்டிவிட்டு ஆக்ஸிலரேட்டரைத் திருகுகிறோம். பிடிப்புப் பற்கள் முழு ஆழம் இறங்காமல் நுனியில் மட்டும் பிடித்திருக்கும். பலம் வந்ததும் நழுவி, மறுபடி இடித்து, நழுவும். கடகடவென்று ஒரு சத்தம் கேட்குமே, அது பற்களின் முனை மழுங்கும் சத்தம். கூர்மையாக இருக்க வேண்டிய முனை உருண்டையாகிவிட்டால், பிறகு சரியாகப் போட்ட கியரும் பாரம் ஏறும்போது தானே கழன்று விழும். லீவரை உறுதியாக, கடைசி வரை, ஒரே அமுக்காக அமுக்கி, பிறகு காலை எடுத்துவிட வேண்டும். உறுதி வேறு, உதைப்பது வேறு. குதிகாலால் ஓங்கி மிதிப்பவர்கள் லீவர் பொருந்தியிருக்கும் தண்டின் வரிப் பற்களையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

4. கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றுவது. பந்தயம் ஓட்டுபவர்கள் அப்படி மாற்றுவதைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் சிலர் செய்கிறார்கள். பந்தய வண்டிக்கு ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் பார்த்துப் பராமரிக்க ஆள் உண்டு. நம் கடை வண்டிக்கு இல்லை. கிளட்ச் பிடிக்காதபோது என்ஜினின் முழு அழுத்தத்தையும் மீறிப் பற்கள் பிரிய வேண்டும், மறுபடி சேர வேண்டும்.

5. அதிக வேகத்தில் முதல் கியருக்கு இறக்குவது. பிரேக் பிடிக்கச் சோம்பல்பட்டு, கியரைக் குறைத்தே வண்டியை நிறுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. முதல் கியரின் விகிதம் பெரிது. வண்டி வேகமாகப் போகும்போது அதைப் போட்டால் என்ஜின் தாங்க முடியாத சுழற்சிக்கு ஒரு நொடியில் இழுக்கப்படுகிறது. அந்த அதிர்ச்சி பற்களிலும் செயினிலும் இறங்குகிறது. ஈரச் சாலையில் பின் சக்கரம் சறுக்கி ஆளையும் கீழே தள்ளும். பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, வேகத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு கியராக இறக்கி, முதல் கியரை நிற்கும் நிலையிலோ நடை வேகத்திலோ போடுவதே முறை.

6. டாப் கியரிலேயே பாரத்தை இழுப்பது. கியர் மாற்றச் சலித்துக்கொண்டு, வேகம் நன்றாகக் குறைந்த பிறகும் நான்காவது கியரிலேயே முறுக்குவது. பெட்ரோல் மிச்சம் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. மெதுவாகச் சுழலும்போது அந்த வெடிப்புகள் தனித்தனி அடியாக விழுகின்றன. ஒவ்வொரு அடியும் பல் சக்கரத்தையும் செயினையும் பின் சக்கர ரப்பர்களையும் சுத்தியால் அடிப்பது போல அடிக்கிறது. வண்டி உதறினாலோ, என்ஜின் டொக் டொக் என்று முட்டினாலோ உடனே ஒரு கியர் குறைத்துவிட வேண்டும். முறுக்கினாலும் வேகம் ஏறாத கியரில் ஓட்டினால் பெட்ரோலும் மிச்சமாகாது.

7. சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்சைப் பிடித்தபடி நிற்பது. பச்சை விளக்கு வந்தவுடன் பாய்வதற்காக இப்படி நிற்கிறார்கள். அவ்வளவு நேரமும் கிளட்ச் ஸ்பிரிங், தள்ளும் பேரிங், கேபிள் மூன்றும் இழுபட்டு நிற்கின்றன. பிளேட்டுகள் ஆயிலுக்குள் இழுபட்டுச் சூடாகின்றன. கேபிள் அந்த நேரத்தில் அறுந்தால் வண்டி முன்னால் பாய்ந்துவிடும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதானால் நியூட்ரலுக்கு வந்துவிடுவது நல்லது.

8. நிற்கும் வண்டியில் கியரைத் திணிப்பது. சில நேரம் நியூட்ரலிலிருந்து முதல் கியர் விழாது. பிடிப்புப் பல்லுக்கு நேராகத் துளை வராமல் பல்லுக்குப் பல் முட்டி நிற்பதுதான் காரணம். பழுது ஒன்றும் இல்லை. அப்போது ஓங்கி உதைப்பது கவையை வளைக்கும். கிளட்சை ஒரு முறை விட்டுப் பிடித்தாலோ, வண்டியைக் காலால் ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்தினாலோ பல் திரும்பி இடம் கொடுக்கும். பிறகு விரலால் தொட்டாலும் கியர் விழும்.

பாரம் என்ற பெரிய எதிரி

20 கிலோ தராசில் 50 கிலோ மூட்டையை யாரும் தூக்கி வைப்பதில்லை. தராசு கெடும் என்று தெரியும். வண்டிக்கு மட்டும் அந்தக் கணக்கை நாம் பார்ப்பதில்லை. 100 சிசி வண்டிகள் பலவற்றில் கம்பெனி அனுமதிக்கும் மொத்தப் பாரம், ஓட்டுபவரையும் சேர்த்து, 130 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. அவரவர் வண்டியின் சரியான அளவு கையேட்டில் அச்சிட்டிருக்கும்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பொதிந்து பெயரிட்ட அரிசிக்கு 5 சதவீத வரி வந்த பிறகு, 26 கிலோ சிப்பம் பரவலானது நம் எல்லோருக்கும் தெரியும். ஓட்டுபவர் 65 கிலோ. இரண்டு சிப்பம் 52 கிலோ. ஆகமொத்தம் 117. அதோடு ஒரு 15 கிலோ எண்ணெய் டின் ஏற்றினால் 132. அளவு தாண்டிவிட்டது. 50 கிலோ சர்க்கரை மூட்டை ஒன்றும் ஒரு சிப்பமும் என்றால் ஆளோடு சேர்த்து 141. நாம் சாதாரணமாக ஏற்றி அனுப்பும் சரக்கு இதைவிட அதிகம் என்பதை ஒளிப்பானேன்?

அளவுக்கு மீறிய பாரம் ஏற்றிய வண்டியைக் கிளப்ப கிளட்சை நெடுநேரம் வழுக்க வைத்தே ஆக வேண்டும். பல் சக்கரங்களின் மேல் அழுத்தம் கூடும். மேட்டில் ஏறும்போது இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதிலிருந்து வண்டியைக் காப்பாற்ற முடியாது.

ஒரே நடையில் முடித்தால் லாபம் என்ற எண்ணத்தையும் கணக்கால் சோதிக்கலாம். லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் வண்டி, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால், போக வர 4 கி.மீ. உள்ள ஒரு நடைக்கு ஆகும் பெட்ரோல் 8 ரூபாய். இன்னொரு நடை போவதற்கு 8 ரூபாயும் கால் மணி நேரமும்தான் செலவு. அதை மிச்சம் பிடிக்கப் போய்ப் பல ஆயிரம் ரூபாய் கியர் பாக்ஸைப் பணயம் வைக்கிறோம். பாரம் அதிகமுள்ள நாட்களில் இரண்டாகப் பிரித்து அனுப்புவதும், தினமும் அதிகமென்றால் மூன்று சக்கர சரக்கு வண்டியை அமர்த்துவதும்தான் சரியான வியாபாரக் கணக்கு.

ஆயில்: மலிவு பார்க்கக்கூடாத இடம்

முன்பு ஓடிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் என்ஜினுக்கான ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகும். கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில் இருக்கும். இன்றைய நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் ஒரே ஆயில்தான் என்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றுக்கும். 100 சிசி வண்டியில் அது ஏறக்குறைய ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டர் கெட்டால் மூன்றும் சேர்ந்து கெடும்.

காருக்கு உள்ள ஆயிலை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றக்கூடாது. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருட்கள் கலந்திருக்கும். காருக்கு அது நன்மை. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் பிளேட்டுகளோ அந்த ஆயிலிலேயே மூழ்கி, உராய்வை நம்பித்தான் வேலை செய்கின்றன. ஆகவே கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஜப்பானில் 1998-ல் ஜாசோ என்ற தர முறை வந்தது. டப்பாவின் பின்புறம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் ஆயிலில் மூழ்கிய கிளட்ச் உள்ள வண்டிக்கு ஏற்றது. எம்பி என்று இருந்தால் அத்தகைய கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. இரண்டு டப்பாவும் கடையில் ஒரே அலமாரியில் இருக்கும். எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஆயிலின் தடிமனும் கையேட்டில் சொன்னதாகவே இருக்கட்டும்.

கலப்பட எண்ணெயின் தீமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்ஜின் ஆயிலிலும் அதே நியாயம்தான். சீல் இல்லாத டப்பா, லூஸில் ஊற்றும் ஆயில், கம்பெனி பெயர் தெளிவில்லாத மலிவு ஆயில் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஆயில் மாற்றும் காலம் கையேட்டில் உள்ளது. ஆனால் நின்று நின்று ஓடும், பாரம் சுமக்கும், தூசியில் ஓடும் வண்டிக்கு அந்தக் காலத்தைவிட முன்கூட்டியே மாற்றுவது நல்லது. இடையில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அளவு பார்க்க வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, என்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்க்கவும். சில வண்டிகளில் அளவுகோலை மரை திருகாமல் சும்மா நுழைத்துப் பார்க்க வேண்டும். எந்த முறை என்பதையும் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள்.

கேபிளும் செயினும்

கிளட்ச் லீவரின் நுனியில் 1 முதல் 2 செ.மீ. வரை தளர்ச்சி இருக்க வேண்டும். தளர்ச்சியே இல்லாவிட்டால் கிளட்ச் முழுவதும் பிடிக்காமல் வழுக்கும். தளர்ச்சி அதிகமானால் லீவரை முழுவதும் பிடித்தாலும் கிளட்ச் பிரியாது. ஒவ்வொரு முறையும் பற்கள் உரசிக்கொண்டே கியர் விழும். நியூட்ரல் கிடைக்கவில்லை என்று புலம்பும் வண்டிகளில் பாதிக்கு மருந்து இந்தக் கேபிளைச் சரி செய்வதுதான். கைச் செலவு கிடையாது.

செயின் தளர்ச்சி பல வண்டிகளில் 2 முதல் 3 செ.மீ. தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதும் வெட்டி இழுத்து, அந்த அதிர்ச்சியைப் பற்களுக்கு அனுப்பும். விறைப்பாக இருந்தால் கியர் பாக்ஸின் வெளித்தண்டையும் அதன் பேரிங்கையும் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். பாரம் ஏற்றினால் பின்பக்கம் அமிழ்ந்து செயின் இன்னும் விறைக்கும் வண்டிகளும் உண்டு. ஆகவே கண்டபடி முறுக்கி வைக்கக்கூடாது.

முன்னறிவிப்புகள்

கியர் பாக்ஸ் கெடுவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் கெடுகிறது. கேட்கிற காது வேண்டும்.

முறுக்கினால் என்ஜின் இரைகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. முதலில் கேபிள் தளர்ச்சியைப் பார்க்கவும்.

கியர் விழும்போது கரகரவென்று அரைத்தால் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை.

ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் பாரத்தில் கழன்றுகொண்டால் அந்தக் கியரின் பிடிப்புப் பல்லோ கவையோ தேய்ந்துவிட்டது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. லாரிக்கு முன்னால் குறுக்கே போகும் நேரத்தில் கியர் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு கியரில் மட்டும் ஊளையிடும் சத்தம் கேட்டால் அந்த ஜோடியின் பற்கள் தேய்ந்திருக்கும். எல்லாக் கியரிலும் கேட்டால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்க்கலாம். மிக நுண்ணிய மினுமினுப்பு இயல்பு. கண்ணுக்குத் தெரியும் இரும்புத் துணுக்கு இருந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். உடைந்த துணுக்கு வேறு பற்களின் இடையில் சிக்கினால் பின் சக்கரமே பூட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

கியர் இல்லாத வண்டிகள்

1980-ல் டிவிஎஸ் 50 வந்த காலத்திலிருந்து மொபெட் நம் வியாபாரிகளின் செல்ல வண்டி. 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. இதில் மாற்ற வேண்டிய கியர் இல்லை. வேகம் கூடும்போது தானே விரிந்து பிடிக்கும் கிளட்ச் உண்டு. பெட்டிக்குள் கவையும் பிடிப்புப் பல்லும் இல்லாததால் அந்த வகைப் பழுதும் இல்லை. ஆனாலும் கெடுக்கும் பழக்கம் இதற்கும் உண்டு. மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகியே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் கிளட்சை எரிக்கிறார்கள்.

ஸ்கூட்டர்களில் பெல்ட் மூலம் வேகம் மாறுகிறது. அளவுக்கு மீறிய பாரமும், படபடவென்று முறுக்கிக் கிளப்புவதும் பெல்ட்டையும் உருளைகளையும் தேய்க்கும். பின் சக்கரத்தின் அருகே சிறு பெட்டியில் தனியாகக் கியர் ஆயில் உண்டு. என்ஜின் ஆயில் மாற்றும் பலர் அதை மறந்தே விடுகிறார்கள்.

தெருவுக்குள்ளேயே சுற்றும் டெலிவரிக்கு கியர் இல்லாத வண்டியும், ஊர் விட்டு ஊர் போய் ஆர்டர் எடுப்பதற்கு கியர் வண்டியும் பொருந்தும். வாங்கும்போதே இதை யோசித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கெட்டால் யார் பொறுப்பு?

வண்டி பழுதானால் நம் கடைகளில் முதலில் திட்டு வாங்குபவர் டெலிவரி செய்யும் பையன். சில இடங்களில் சம்பளத்திலும் பிடித்தம் செய்கிறார்கள். நியாயமாக யோசித்தால், மூன்று சிப்பம் ஏற்றி அனுப்பியது யார்? பத்து நிமிடத்தில் வந்துவிடு என்று விரட்டியது யார்? ஆயில் மாற்றும் தேதி தாண்டியும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றது யார்? கிளட்சும் கியரும் அவர் கையிலும் காலிலும் இருக்கலாம். பாரம், அவசரம், பராமரிப்பு மூன்றும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் கையில் இருக்கின்றன. இந்த மூன்றையும் சரி செய்யாமல் அவரிடம் பணம் பிடிப்பது தர்மமும் ஆகாது, வண்டியையும் காப்பாற்றாது. பிடித்தத்துக்குப் பயந்தவர் சத்தம் கேட்டாலும் சொல்ல மாட்டார். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் கேபிளைத் திருகிச் சரி செய்திருக்கக்கூடிய கோளாறு, கடைசியில் என்ஜினைப் பிளக்கும் வரை போய்விடும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில. வண்டியை முடிந்தவரை ஒருவரே ஓட்டும்படி ஏற்பாடு செய்யலாம். நாலு பேர் மாறி மாறி ஓட்டும் வண்டிக்குக் கோளாறு சொல்ல ஆள் இருக்காது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே மேலே சொன்ன எட்டுப் பழக்கங்களையும் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக் காட்டலாம். கணக்கு நோட்டோடு ஒரு சிறு நோட்டு வைத்து, ஆயில் மாற்றிய தேதி, மீட்டர் எண், கேபிள், செயின் பார்த்த நாள் இவற்றை எழுதி வரலாம். வண்டியில் ஏதேனும் வித்தியாசம் தெரிந்து வந்து சொல்பவரை, திட்டாமல் பாராட்ட வேண்டும்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் பெற்றவர் கியர் வண்டியை ஓட்டக்கூடாது. 16 வயதில் கிடைக்கும் உரிமம் 50 சிசி வரையிலான கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. எக்ஸ்எல் 100 போன்றவற்றுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். கடைப் பையனிடம் சாவியைக் கொடுக்கும் முன் உரிமத்தைப் பார்ப்பது நம் கடமை.

மேலே சொன்னவற்றில் பணம் செலவழித்துச் செய்ய வேண்டியது நல்ல ஆயில் ஒன்றுதான். மற்றவை எல்லாம் பழக்கம். கிளட்சை முழுவதும் பிடி, முழுவதும் விடு. கியரை உறுதியாகப் போடு, காலை எடு. பாரத்துக்குத் தக்க கியர், வண்டிக்குத் தக்க பாரம். இந்த மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதிச் சாவி மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் கிளட்ச் லீவரின் தளர்ச்சியை ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.